உப்புக்காற்றில் காரின் மின்சக்தி

அத்தியாயம் 7: பற்றறி, அல்டனேற்றர், மின்பாதை ஆகியவற்றின் இயல்பும் பராமரிப்பும்

சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகப் புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலும், பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பி நுரைச்சோலையைக் கடந்து கற்பிட்டிவரை ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளும் சாலையிலும் நாள்தோறும் வாகனம் செலுத்துவோர், கடலோரமல்லாத ஊர்களில் பல ஆண்டுகள் உழைக்கின்ற பற்றறி தங்களிடம் மாத்திரம் விரைவில் உயிரிழந்துவிடுகிறதே என்று மனம் நோவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்து, இரண்டிலிருந்தும் எழுகின்ற உப்பீரம் இரவு பகலாகப் படிந்துகொண்டேயிருக்கும் இக்கரையோரத்தில் அவர்களது மனக்குறைக்கு நியாயமான காரணம் உண்டு. ஆயினும், அந்தக் குற்றம் முழுவதையும் பற்றறியின் மேல் ஏற்றிப் புதியதொன்றை விலைகொடுத்து வாங்கிவிடுவது பெரும்பாலும் பொருந்தாத பரிகாரமே. காலையில் திறப்பைத் திருப்பியதும் ‘டக்’ என்ற ஒற்றை ஓசையோடு இயந்திரம் அடங்கிவிட்டால், ‘பற்றறி இறங்கிவிட்டது’ என்று உடனே தீர்ப்புக் கூறுவது நமது வழக்கமாகிவிட்டது. உண்மையில் பற்றறி, அதை நிரப்பும் அல்டனேற்றர், இரண்டையும் இணைக்கும் மின்பாதை என்னும் மூன்றில் எது தவறியது என்பதை அளந்து பார்க்காமல் எவராலும் சொல்ல இயலாது. அளவீடு முதலில், செலவு பின்னர் என்னும் ஒரே நியமத்தை வாசகர் மனத்தில் பதிப்பதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

1. காருக்கு மின்சாரம் எதற்கு

2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, தலா 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று இயந்திரங்களைக் கொண்ட நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோய், அது மீண்டும் முழு அளவில் இயங்குவதற்குச் சில நாட்கள் சென்றதும் அந்நாட்களில் மின்வெட்டு நேர்ந்ததும் இவ்வூரார் அறிந்ததே. நாட்டுக்கே மின்சாரம் அளிக்கும் அந்நிலையம்கூடத் தன் நீரேற்றிகளையும் விசிறிகளையும் நிலக்கரி அரைக்கும் பொறிகளையும் முதலில் இயக்குவதற்கு வெளியிலிருந்து மின்சாரம் பெற்றாகவேண்டும். காரின் நிலையும் இதுவே. ஓடும்போது தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உற்பத்திசெய்துகொள்ளும் இயந்திரம், ஓடத் தொடங்குவதற்கு மாத்திரம் பிறிதொன்றின் உதவியை நாடுகிறது. அவ்வுதவியை அளிப்பதே பற்றறியின் தலையாய கடமையாகும்.

மீளவும் மின்னேற்றத்தக்க ஈயப் பற்றறியைப் பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்தோன் பிளான்தே 1859ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான். அத்துணைப் பழைமையான அந்தச் சாதனம், அடிப்படை ரசாயனத்தில் எவ்வித மாறுதலுமின்றி, இன்றும் நமது கார்களின் முன்மூடிக்குள் அமர்ந்திருக்கிறது. மோட்டார் வாகனத்தில் அது பெருமதிப்புப் பெற்றது 1912ஆம் ஆண்டிலாகும். கையால் சுழற்றும் இரும்புத்தண்டு பின்னுதைத்து எத்தனையோ பேரின் மணிக்கட்டை முறித்துவந்த அக்காலத்தில், சாள்ஸ் கெற்றறிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் கடிலக் கார்களிற் பொருத்தப்பட்டது. பின்னர் 1950களில் 6 வோல்ற்று முறை கைவிடப்பட்டு 12 வோல்ற்று முறை பரவியது. 1960களில் பழைய டைனமோவின் இடத்தை அல்டனேற்றர் கைப்பற்றியது. இன்றைய கார்களில் இவற்றோடு பல கணினிகளும் சேர்ந்துகொண்டமையால், முன்னாளில் விளக்கு மங்குவதோடு முடிந்துபோன சிறு குறைபாடு, இந்நாளில் இயந்திரமே இயங்க மறுப்பதற்கும் அறிவிப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே எரிவதற்கும் காரணமாகிவிடுகிறது.

2. பற்றறியினுள் நிகழ்வது

12 வோல்ற்றுப் பற்றறி எனப்படுவது, ஒவ்வொன்றும் 2.1 வோல்ற்று அளவு அழுத்தமுடைய ஆறு கலங்களைத் தொடராக இணைத்த அடுக்காகும். ஆதலின் முழுமையாக மின்னேறி, சில மணிநேரம் ஓய்ந்திருக்கும் பற்றறியின் அழுத்தம் 12.6 முதல் 12.7 வோல்ற்று வரை இருக்கும். ஒவ்வொரு கலத்திலும் ஈயவீரொட்சைட்டு பூசிய நேர்த்தகடுகளும், பஞ்சுபோன்ற நுண்துளைகளையுடைய ஈயத்தாலான எதிர்த்தகடுகளும், நீர் கலந்த கந்தகாமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரத்தை எடுக்கும்போது அமிலத்தின் ஒரு பகுதி இருவகைத் தகடுகளோடும் சேர்ந்து அவற்றை ஈயசல்பேற்றாக மாற்றுகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது இச்செய்கை முழுவதும் எதிர்த்திசையில் நிகழ்ந்து, தகடுகள் பழைய நிலையை அடைய, அமிலமும் தன் அடர்த்தியை மீளப் பெறுகிறது. நீரமானியால் அமிலத்தின் அடர்த்தியை அளந்து பற்றறியின் நிலையை அறிய முடிவது இக்காரணத்தினாலேயாம்.

இந்த ரசாயனத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. புதிதாய்த் தோன்றும் ஈயசல்பேற்று மிருதுவானது; உடனே மின்னேற்றினால் கரைந்து மறைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் அது கடினமான பளிங்குகளாய் இறுகித் தகட்டின் துளைகளை அடைத்துவிடும். அதன்பின் எத்துணை மின்னேற்றினாலும் அந்தப் பகுதி உயிர்பெறாது. பற்றறி பெரும்பாலும் கெடுவது அதிக உழைப்பால் அன்று, பாதி வெறுமையாய் நெடுநாள் காத்திருப்பதால்தான்.

அடுத்த சத்துரு உஷ்ணம். குளிர்நாடுகளில் குளிரே பற்றறியைக் கொல்லும் என்பார்கள்; உண்மையில் குளிர் அதன் பலவீனத்தை வெளிப்படுத்துவது மாத்திரமே, உள்ளிருந்து அரிப்பது வெப்பம்தான். வெப்பநிலை 10 பாகை உயரும்போது தகடுகளின் அரிமானம் ஏறக்குறைய இருமடங்காவதால், பகல்வேளை 30 பாகையைக் கடப்பது வழக்கமாயுள்ள புத்தளத்தில், இயந்திரச் சூட்டுக்கு அருகே அமர்ந்திருக்கும் பற்றறியின் ஆயுள் இயல்பாகவே குறுகும். நிழலில் நிறுத்துவதும், பற்றறியைச் சூழ்ந்துள்ள வெப்பத்தடுப்பு உறையைக் கழற்றி எறியாமல் மீளப் பொருத்துவதும் சிறு காரியங்களாய்த் தோன்றினும் பெரும் பயன் தருபவை.

3. அல்டனேற்றரும் அதன் கணக்கும்

கற்பிட்டித் தோட்டங்களில் கிணற்று நீரை மோட்டாரால் இறைத்துத் தொட்டியில் நிரப்பிவைப்பதைக் காண்கிறோம்; தொட்டி எத்துணைப் பெரிதாயினும், இறைக்கும் அளவைவிடப் பாய்ச்சும் அளவு மிகுந்தால் ஒருநாள் அது வற்றியே தீரும். காரில் பற்றறி அந்தத் தொட்டி, அல்டனேற்றர் அந்த மோட்டார். இயந்திரத்தோடு வார்ப்பட்டியால் பிணைக்கப்பட்ட அல்டனேற்றரினுள், மின்காந்தமொன்று சுழன்று தன்னைச் சூழ்ந்துள்ள மூன்று சுருள் தொகுதிகளில் ஆடலோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. சிலிக்கன் இருவாயிகள் அதனை நேரோட்டமாக்குகின்றன. சீராக்கி எனும் உறுப்பு அம்மின்காந்தத்தின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. சாதாரணமான கார்களில் இவ்வழுத்தம் 13.8 முதல் 14.5 வோல்ற்று வரை நிலைத்திருக்கும்.

அண்மைக்காலக் கார்கள் பலவற்றில் இக்கட்டுப்பாட்டைக் கணினி ஏற்றுக்கொண்டுள்ளது. பற்றறியின் எதிர்முனையில் பொருத்திய சிறிய உணர்கருவி, உள்ளே செல்லும் மின்னோட்டத்தையும் வெளிவரும் மின்னோட்டத்தையும் அளந்துகொண்டிருக்க, கணினியானது வேகமெடுக்கும்போது அல்டனேற்றரின் சுமையைக் குறைத்தும், வேகத்தைத் தணிக்கும்போது கூட்டியும் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. இத்தகைய காரில் ஒருகணம் 12.5 வோல்ற்றும் மறுகணம் 14.8 வோல்ற்றும் காண்பது குற்றமன்று. ஒரே அளவீட்டை வைத்து அல்டனேற்றரைக் குறைகூறுதல் தகாது. தலைவிளக்கையும் குளிரூட்டியையும் இயக்கிவைத்துச் சில நிமிடங்கள் தொடர்ந்து கவனித்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

ஒருமுறை இயந்திரத்தைத் தொடக்குவதற்கு ஸ்டார்ட்டர் 150 அம்பியர் அளவு மின்னோட்டத்தை இழுத்தாலும், அது இரண்டு விநாடிகளே நீடிப்பதால், செலவாகும் மின்சாரம் ஓர் அம்பியர்-மணியில் பத்திலொரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அணைக்க மறந்த தலைவிளக்குகள் இரண்டும் சேர்ந்து 9 அம்பியர் உறிஞ்சுவதால், 45 அம்பியர்-மணிப் பற்றறி ஐந்து மணிநேரத்தில் முற்றாக வெறுமையாகிவிடும். ஓகஸ்ட் மாதத்தில் தலவில் அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கும், ஆடியில் உடப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்புக்கும் வரும் குடும்பங்கள், வானின் கதவுகளைத் திறந்துவைத்து, உள்விளக்கும் வானொலியும் கைத்தொலைபேசி மின்னேற்றியும் விடியும்வரை இயங்க உறங்கிவிட்டு, காலையில் தள்ளிவிட ஆள்தேடும் காட்சியின் காரணம் இதுவே. இவ்வாறு பாதிக்குமேல் இறங்கிய பற்றறியை, வீடு திரும்பும் பத்து நிமிட ஓட்டம் நிரப்பிவிடும் என்று நம்புதல் தவறு. கடைசி ஐந்திலொரு பங்கு நிரம்புவதற்கு மட்டுமே பல மணிநேரம் தேவை. ஆகையால் தினமும் சந்தைக்கும் பள்ளிக்குமாகக் குறுந்தூரம் மாத்திரம் ஓடும் கார், வாரத்துக்கு ஒருமுறையேனும் சிலாபத்துக்கோ அநுராதபுரத்துக்கோ செல்வது போன்ற நெடும் ஓட்டம் காணவேண்டும். இயலாதெனில், வீட்டு மின்னேற்றியால் மாதமொருமுறை இரவு முழுதும் மெதுவாக மின்னேற்றுதல் நலம்.

4. ஓய்விலும் நில்லாத செலவு

கதவைப் பூட்டிச் சென்ற பின்னரும் காரின் கணினிகள் முற்றாக அணைவதில்லை. சில நிமிடங்களிலிருந்து அரைமணிநேரத்துக்குள் அவை உறக்கநிலையை எய்திய பிறகு, கடிகாரம், திருட்டெச்சரிக்கை, திறப்பின் சமிக்ஞையை எதிர்பார்க்கும் வாங்கி முதலியன யாவும் சேர்ந்து 20 முதல் 50 மில்லியம்பியர் வரை இழுத்துக்கொண்டிருக்கும். 50 மில்லியம்பியர் என்பது நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி, அவ்வீதத்தில் 45 அம்பியர்-மணிப் பற்றறியின் பாதி, 19 நாட்களுக்குள் கரைந்துவிடும். 2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் நேர்ந்து, வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையிலும் வாரக்கணக்கில் வீட்டு முற்றத்திலும் நின்றபோது, பெற்றோல் கிடைத்த பின்னரும் பல கார்கள் இயங்க மறுத்தமைக்கு இந்தக் கணக்கே காரணம்.

இரு வாரங்களுக்குமேல் நிறுத்திவைக்க நேருமாயின் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றிவைத்தல் எளிய உபாயம். கழற்றுமுன் வானொலியின் இரகசிய எண் உளதாவெனப் பார்த்துக்கொள்க. மீளப் பூட்டியபின் இயந்திரத்தின் ஆறுதல் வேகம் சிலநேரம் ஒழுங்கற்றிருந்து தானே சீராகும்; கண்ணாடிகளின் தானியங்கி அசைவைப் பல கார்களில் மீளமைக்க நேரும். பின்னாளில் பொருத்திய ஒலிபெருக்கி, கமெரா, இடங்காட்டி முதலிய உபகரணங்கள் உறக்கமின்றி மின்சாரம் குடிப்பதுண்டாகையால், காரணமின்றிப் பற்றறி இறங்கும் காரில் முதலில் ஐயுற வேண்டியவை அவையே.

5. உப்பு எங்கே புகுகிறது

மேற்கூறியவை எந்த ஊர்க் காருக்கும் பொருந்தும். இனிச் சொல்லப்போவது இக்கரைக்கே உரியது. வைகாசியில் தொடங்கி ஐப்பசிக்கு முன்வரை வலுத்துவீசும் சோளகக்காற்று, கடல் நுரையின் நுண்திவலைகளையும் மணலையும் கற்பிட்டித் தீபகற்பத்தின் குறுக்கே வாரியிறைக்கிறது. உப்பளத்தில் உழைப்போர் நன்கறிந்தபடி, கடலுப்பு தனித்துவருவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை வலிந்து ஈர்க்கும் மகனீசியக் குளோரைட்டும் அதனோடு கலந்தே வருகிறது. ஆகவே காரின் உலோகப் பாகங்களிற் படிந்த உப்பு, மழையில்லாத நாளிலும் இரவின் ஈரத்தைப் பற்றிக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நீர்ப்படலமாய் நிலைக்கிறது. செம்புக்கம்பி இரும்பு உடலைத் தொடுமிடத்திலும், அலுமினியத்தைத் தொடுமிடத்திலும், அப்படலமே மின்பகுபொருளாகி, இரும்பும் அலுமினியமும் சிறிது சிறிதாக அரிக்கப்படுகின்றன.

இதனால் விளையும் கேட்டின் அளவை உணர்தற்கு மின்பாதையின் அமைப்பை நினைவுகூர்தல் வேண்டும். பற்றறியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பியூஸ், ரிலே, கம்பிகள் வழியாக உபகரணத்தை அடைந்த பின்னர், தனிக்கம்பியால் திரும்புவதில்லை. காரின் இரும்புடல் வழியாகவும், இயந்திரத்தை உடலோடு இணைக்கும் தடித்த ‘எர்த்’ பட்டை வழியாகவும் எதிர்முனைக்கு மீள்கிறது. அந்தப் பட்டையின் போல்ற்றடியில் துருவேறி, 0.02 ஓம் அளவே தடை உண்டானதாக வைத்துக்கொள்வோம். வானொலிக்கும் விளக்குக்கும் அது ஒரு பொருட்டன்று. ஆயின் 150 அம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டருக்கு அதே தடை 3 வோல்ற்றை விழுங்கிவிடுகிறது. எஞ்சிய 8, 9 வோல்ற்றில் இயந்திரம் சுழல்வதேது? விளக்குகள் பிரகாசமாய் எரிந்தும் இயந்திரம் தொடங்காத நிலை, நல்ல பற்றறியின் மேல் வீண்பழி விழும் நிலை, பெரும்பாலும் இதுவே. பற்றறி முனையில் பூக்கும் வெண்பொடி கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் துடைக்கிறார்கள். கீழே மறைந்திருக்கும் எர்த் போல்ற்றை எவரும் நினைப்பதில்லை.

6. அளக்கும் முறை

சிறியதொரு பல்மானி போதுமானது. பின்வரும் கிரமத்திலேயே அளத்தல் வேண்டும். ஏனெனில் முந்திய படி சரியாயில்லாதபோது பிந்திய படியின் விடை நம்பத்தக்கதன்று.

முதலாவது, ஓய்வழுத்தம். இரவு முழுதும் நின்ற காரில், கதவையோ விளக்கையோ இயக்குமுன், பற்றறியின் இரு முனைகளுக்கும் இடையே அளக்க. 12.6 வோல்ற்று முழுமை, 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 கால்பங்கு. 12.4க்குக் கீழேயெனில் முதலில் மின்னேற்றி, மீண்டும் ஓர் இரவு நிறுத்தி அளக்க.

இரண்டாவது, சுமையழுத்தம். மற்றொருவர் இயந்திரத்தைத் தொடக்கும்போது மானியைக் கவனிக்க. முழுதும் மின்னேறிய பற்றறி 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்குமாயின் அதன் தகடுகள் தளர்ந்துவிட்டன என்பது தெளிவு.

மூன்றாவது, எர்த் சோதனை. மானியின் ஒரு முனையைப் பற்றறியின் எதிர்முனைக் கம்பத்திலும், மறுமுனையை இயந்திரத்தின் பளிச்சிடும் உலோகத்திலும் வைத்து, இயந்திரத்தைத் தொடக்குவிக்க. 0.3 வோல்ற்றுக்கு மேற்பட்டால் திரும்பும் பாதையில் அரிமானம் உண்டு. அவ்வாறே நேர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த கம்பி முனைக்கும் இடையேயும் அளக்க, அங்கு 0.5 வோல்ற்றைத் தாண்டலாகாது.

நான்காவது, மின்னேற்ற அழுத்தம். இயந்திரம் ஓட, விளக்கும் குளிரூட்டியும் இயங்க, பற்றறி முனைகளில் 13.5 வோல்ற்றேனும் காணவேண்டும். 15க்கு மேல் நிலைத்து நின்றால் சீராக்கி பழுது, அது பற்றறியைக் கொதிக்கவைத்துக் கெடுக்கும்.

கராஜ்கள் சிலவற்றில் இன்னமும் வழங்கும் பழைய சோதனையொன்றை இங்கே கண்டிக்க வேண்டியுள்ளது. இயந்திரம் ஓடும்போதே பற்றறியின் முனையைக் கழற்றி, கார் நிற்கிறதா என்று பார்த்து அல்டனேற்றரைப் பரீட்சிப்பர். டைனமோக் காலத்தில் பொறுத்துக்கொள்ளப்பட்ட இவ்வழக்கம் இக்காலக் காருக்கு மரணதண்டனை போன்றது; பற்றறியின் அணைப்பு நீங்கிய கணத்தில் அல்டனேற்றரிலிருந்து பாயும் உயரழுத்தம் இருவாயிகளையும் கணினிகளையும் எரித்துவிடக்கூடும். அதேபோல, கடற்காற்றால் துருவேறிய தளத்தகட்டை மின்வில்லால் ஒட்டவைக்கும் வேலை இவ்வூரில் அடிக்கடி நிகழ்வதால், அதற்கு முன்னர் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றும்படி பாஸிடம் வாகனச் சொந்தக்காரரே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

7. துப்புரவும் காப்பும்

சோளகம் வீசும் மாதங்களில் மாதமொருமுறையும், ஏனைய காலத்தில் இரு மாதங்களுக்கொருமுறையும் இதனைச் செய்தல் போதும். இயந்திரத்தை அணைத்து, கையுறையும் கண்காப்பும் அணிந்து, எதிர்முனையை முதலிலும் நேர்முனையைப் பின்னரும் கழற்றுக. இம்முறை மாறினால், நேர்முனையில் வைத்த ஸ்பனர் உடலைத் தொட்டு பெருந்தீப்பொறி எழும். அப்பச்சோடாவை நன்னீரிற் கரைத்து முனைகளிற் தடவினால் அமிலப்பூப்பு நுரைத்துக் கரையும். மூடித்துளைகளுள் அக்கரைசல் புகாதிருத்தல் முக்கியம். நன்னீரால் கழுவி, உலர்த்தி, கம்பித்தூரிகையால் பளிச்செனத் தேய்த்து, நேர்முனையை முதலிற் பூட்டி, இறுக்கிய பின்னர் வாசலின் போன்ற களிம்பை மேலே பூசுக. களிம்பு பூசிவிட்டுப் பூட்டுதல் தவறன்றாயினும், பூட்டிப் பூசுதலே உலோகத்தோடு உலோகம் இறுகத் தொடுவதற்கு உறுதி. எர்த் போல்ற்றுகளையும் ஆண்டுக்கொருமுறை இவ்வாறே கழற்றித் தேய்த்துப் பூட்டுதல் வேண்டும்.

மூடி திறக்கத்தக்க பற்றறியில் தகடுகள் வெளித்தெரியுமளவுக்கு நீர் குறைந்தால், காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. உப்பும் உரச்சத்தும் கலந்த கிணற்று நீர் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தைச் சேர்ப்பதும் ஆகாது, ஏனெனில் ஆவியாய்ப் போனது நீரேயன்றி அமிலமன்று. கடற்கரை மணலிலோ வாடிகளின் ஓரத்திலோ ஓடித்திரும்பிய காரின் அடிப்புறத்தை அன்றே நன்னீரால் கழுவுதல் உத்தமம்; ஆயின் பலத்த வேகத்தோடு பாயும் நீரை பியூஸ் பெட்டியின் மேலும் அல்டனேற்றரின் மேலும் செலுத்தலாகாது.

எரிந்த பியூஸ் ஏதோவொரு குற்றத்தை அறிவிக்கும் சாட்சியாதலால், அதே அளவுடையதை மட்டுமே மாற்றிடுக. 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்பது பொதுவழக்கு. சிறியது நில்லாதபோது பெரியதை இடுவதும், வெள்ளித்தாளைச் சுற்றி இடுவதும் கம்பியையே பியூஸாக்கிக் காரை எரிக்கும் செய்கைகள்.

8. பிற காரிலிருந்து உயிரூட்டல்

இறங்கிய பற்றறியின் நேர்முனையில் சிவப்புக் கம்பியின் ஒரு நுனியையும், நல்ல பற்றறியின் நேர்முனையில் அதன் மறுநுனியையும் முதலிற் பூட்டுக. பின்னர் கறுப்புக் கம்பியின் ஒரு நுனியை நல்ல பற்றறியின் எதிர்முனையிலும், கடைசி நுனியை இயங்காத காரின் இயந்திரத்தில், பற்றறிக்குச் சற்றுத் தொலைவிலுள்ள வெற்றுலோகத்திலும் பூட்டுதல் வேண்டும். இறுதி இணைப்பில் சிறு பொறி எழுவது இயல்பு. மின்னேறும் பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு கசிவதுண்டாகையால், அப்பொறி பற்றறியின் அருகே எழுந்தால் வெடித்து முகத்தில் அமிலம் தெறிக்கும் அபாயம் உண்டு. சில நிமிடங்கள் காத்திருந்து தொடக்கி, பூட்டிய வரிசைக்கு மறுதலையாகக் கழற்றுக. நிறம் மாறிப் பூட்டினால் ஒரு கணத்தில் இருவாயிகள் எரிந்துபோகும். ஆகையால் இருட்டில், அவசரத்தில், முனைகளின் அடையாளத்தை விளக்கு வெளிச்சத்திற் பாராமல் இதனைச் செய்யவே கூடாது.

9. ஹைபிரிட் கார்கள்

1997ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ரொயோட்டா பிரியஸ் தொடக்கிவைத்த இவ்வகைக் கார்கள் இன்று புத்தளத்தின் சிறு சந்துகளிலும் ஓடுகின்றன. இவற்றுள் இரு பற்றறிகள் உள்ளன. முதலாந் தலைமுறை ரொயோட்டா அக்குவாவில் 144 வோல்ற்றும், இரண்டாம் மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 201.6 வோல்ற்றும் கொண்ட பெரும்பற்றறி சக்கரங்களைச் சுழற்றவும் இயந்திரத்தைத் தொடக்கவும் உதவுகிறது. பின்புறத்தில் ஒதுங்கியிருக்கும் சிறிய 12 வோல்ற்றுப் பற்றறி கணினிகளை விழிக்கச்செய்து, பெரும்பற்றறியின் இணைப்பை மூடும் பெரிய ரிலேகளை இயக்குகிறது. இதில் அல்டனேற்றர் இல்லை. பெரும்பற்றறியின் உயரழுத்தத்தைத் தாழ்த்தும் மின்னணுக் கருவியொன்று சிறிய பற்றறியை நிரப்புகிறது. எனவே சிறியது வெறுமையானால், பெரியது நிறைந்திருந்தும் கார் அசையாது. பெரும்பற்றறி போய்விட்டதென்று அஞ்சிப் பெருந்தொகை செலவிட எண்ணுமுன், சிறியதன் அழுத்தத்தை அளந்து பார்த்தல் அறிவுடைமை. காரை இயங்குநிலைக்குக் கொண்டுவராமல் வானொலியை மட்டும் இயக்கிக்கொண்டு அமர்ந்திருப்பதும் சிறியதையே தின்கிறது.

பெரும்பற்றறியைக் குளிர்விக்கும் காற்று பின்னாசனத்தின் அருகேயுள்ள துளையால் உட்செல்கிறது. மணற்பாங்கான இப்பிரதேசத்தில் அங்குள்ள வடியும் விசிறியும் விரைவில் அடைபடுவதால், அவற்றைக் காலந்தோறும் துப்புரவு செய்யாத காரின் பற்றறி சூடேறிக் கலங்கள் ஒவ்வொன்றாய்ச் சோர்ந்துவிடும். அத்துளையின் மேல் பைகளையும் துணிகளையும் அடுக்குதல் ஆகாது. செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் உயிர்வாங்கும் அழுத்தமுடையவை. பயிற்சி பெற்றோரன்றி வேறெவரும் அவற்றைத் தொடலாகாது.

10. வாங்குதலும் பழையதைக் கையளித்தலும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே தனியார் கார்களுக்கு மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நம்மிடமிருந்த கார்களெல்லாம் முதுமையடைந்து, அவற்றின் கம்பிகளும் உடன் முதிர்ந்தன. ஆதலின் மேற்கூறிய அளவீடுகள் நான்கும் பற்றறியையே குற்றஞ்சாட்டிய பின்னரே புதியதை வாங்குக. 46B24L போன்ற குறியீட்டில் முதலெண் அதன் ஆற்றலையும், எழுத்தும் அடுத்த எண்ணும் உருவளவையும், இறுதி எழுத்து முனைகள் அமைந்த பக்கத்தையும் குறிக்கும். பக்கம் மாறினால் கம்பி எட்டாது. சந்தி விளக்கில் தானே அணைந்து தானே தொடங்கும் கார்களுக்கு M-42, N-55 முதலிய விசேஷப் பற்றறிகளே உரியன. மலிவென்று சாதாரணமானதை இட்டால் அது விரைவில் நைந்துபோகும். ஹைபிரிட் காரில் பயணிகளுள்ள அறைக்குள் பற்றறி இருப்பதால், வாயுவை வெளியேற்றும் குழாயோடு கூடிய உரிய வகையையே பொருத்துதல் வேண்டும்.

பழைய பற்றறியில் பல கிலோகிராம் ஈயமும், அந்த ஈயம் கலந்த அமிலமும் உள்ளன. கற்பிட்டியின் மணல் நீரை வடிகட்டித் தடுப்பதில்லை. மேலே ஊற்றியது ஆழமற்ற கிணறுகளுக்கே இறங்குகிறது, களப்பில் எறிந்தது இறாலுக்கும் மீனுக்கும் உணவாகும் சேற்றில் கலக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் நஞ்சு. அதற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை. ஆகையால் தூண்டிலுக்கும் வலைக்கும் ஈயக்குண்டு வார்க்கும் ஆசையால் அதனை உடைத்து வீட்டு முற்றத்தில் உருக்குவதும், அமிலத்தை மண்ணில் ஊற்றுவதும் செய்யாமல், உடையாத நிலையில் நிமிர்த்தியபடியே விற்பனையாளரிடம் கையளித்து அதற்குரிய விலைக்கழிவைப் பெற்றுக்கொள்க.

புதியதைப் பூட்டிய அன்றே அதன் மேல் திகதியை எழுதி, ஓய்வழுத்தம், தொடக்கும்போது இறங்கிய அழுத்தம், எர்த் பாதையின் இழப்பு, மின்னேற்ற அழுத்தம் ஆகிய நான்கையும் காரின் குறிப்பேட்டில் பதிந்துவைப்பீராக. ஆண்டிரண்டு கழிந்து கார் ஒருநாள் முரண்டுபிடிக்கும்போது, அந்த நான்கு எண்களோடு அன்றைய நான்கு எண்களை ஒப்பிட்டால், எது தேய்ந்தது, எது இன்னும் நலமாயுள்ளது என்பது கராஜுக்குப் போகுமுன்னரே உமக்குத் தெரிந்துவிடும்.